இசபெலா தீவு: எரிமலைக்காகப் போனேன், நடைபாதையில் மாட்டிக்கொண்டேன்

ஈக்வடாரின் காலபாகஸ் தீவுகளில் நான் இசபெலா தீவைத் தேர்ந்தெடுத்ததே சியரா நெக்ரா எரிமலைக்காகத்தான். சாந்தா குரூஸ் தீவிலிருந்து விசைப்படகில் இரண்டு மணி நேரம். முன்வரிசையில் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். காலை உணவைக் கடலுக்குக் கொடுத்ததுதான் மிச்சம். போகிறவர்கள் பின்வரிசையைப் பிடியுங்கள். பூங்காக் கட்டணத்துக்கு ரொக்கமும் வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு அது 200 டாலர், முன்பிருந்ததைப் போல இரு மடங்கு.

வழிகாட்டி இல்லாமல் மலையில் ஏற விடுவதில்லை. வழியெல்லாம் கொய்யா. ஊர் நினைவு வந்து நான் பல்லைக் காட்ட, வழிகாட்டி முகத்தைச் சுளித்தார். மனிதர்கள் கொண்டுவந்த அந்த மரம்தான் சரிவில் உள்ளூர்ச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறதாம். எரிமலை வாய் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். விளிம்பில் நின்றபோது எனக்குத் தெரிந்தது பத்தடி. மீதியெல்லாம் மூடுபனி. ஆகஸ்டில் அப்படித்தான் இருக்குமாம், அதை முன்பே விசாரிக்காதது என் தவறு.

விளிம்பையொட்டி வடக்கே நடக்க நடக்கப் பனி விலகியது, பச்சையும் முடிந்துபோனது. வொல்கான் சிக்கோ என்ற அந்த இடத்தில் 1979இல் வெளிவந்த எரிமலைக் குழம்பு கருப்பும் துருநிறமுமாக உறைந்து கிடக்கிறது. ஒரு பொந்தின் அருகே கையை நீட்டினேன். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் வெப்பம். 2018 ஜூனில் மலை மறுபடி வெடித்தபோது குழம்பு வடசரிவில் ஓடிக் கடல்வரை போயிருக்கிறது.

மறுநாள் ஆமை வளர்ப்பு மையம். முட்டை இருக்கும் சூடு ஒன்றிரண்டு டிகிரி கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்பதை அங்கேதான் அறிந்தேன். 1998இல் பக்கத்து செரோ அசுல் எரிமலை வெடித்தபோது, குழம்பின் பாதையில் இருந்த ஆமைகளை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்களாம். அந்தக் காட்சியை நினைத்து இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது கொஞ்சா தெ பெர்லா நடைபாதையைப் பற்றி. அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய பலகைப் பாதை, கடைசியில் நீந்தும் குளம். குறுக்கே ஒரு கடற்சிங்கம் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி; பாதையின் அகலமோ அதற்குப் பாதிதான். தோளில் துண்டோடு இருபது நிமிடம் நின்றேன். பக்கத்தில் ஒரு கடல் பேரோந்தி (இகுவானா) மூக்கு வழியாக உப்புநீரைப் பீய்ச்சியபடி என்னைப் பார்த்தது. பின்னால் வந்த பாட்டி ஒருவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்தார், விவரம் தெரிந்தவர் போலும்.

ஒருவழியாகக் கடற்சிங்கம் எழுந்தது. நான்கு அடி நகர்ந்து, அங்கிருந்த பெஞ்சில் ஏறிப் படுத்துக்கொண்டது. ஓரமாக ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். குளித்துவிட்டுத் திரும்பும்போது மறுபடி பாதை நடுவே கிடந்தது.