350 வெள்ளி என்று ஏன் சொன்னேன்?

தண்ணீர்மலையான்:
நாலு வருஷம் பினாங்கு செபராங் பிறையில், ரப்பர் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயத்தையே சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தேன், தோட்டத்தை விற்றுத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு கட்டும்வரை. அப்புறம் ஜார்ஜ் டவுனில் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் பக்கத்தில் ஒன்பது நாள் கண்காட்சி. தெருவில் 2012-ல் வரைந்த அந்தச் சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தோடு நின்று படமெடுக்க வெயிலில் வரிசை, உள்ளே ஒரு படம்கூட விற்கவில்லை. சரி, அதை விடுங்கள். கடைசி நாள் ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். வேறு எதையும் பார்க்காமல் நீலச் சாயம் உரிந்த கதவுப் படத்தின் முன் போய் நின்றார். நிலையில் காய்ந்த மாவிலை, கீழே ஒரு கீறல். கண்ணாடிமேல் விரலை வைத்து, "இது பெரியவன் பால்வாளிய இடிச்சது தம்பி" என்றார். விலை கேட்டார். 350 வெள்ளி என்று வாய் சொல்லிவிட்டது. கைப்பையைத் திறந்தார், மூடினார். "நல்லா இருக்கு தம்பி" என்று போய்விட்டார். மண்டப வாடகைதான் அப்போது மண்டையில் ஓடியது. பெயர்கூடக் கேட்கவில்லை.

செந்தூல்காரன்:
அண்ணே, சும்மா கொடுத்துப் பழக்கித்தான் நம் தொழில் இப்படி ஆனது. தைப்பூசம் முடிந்து பத்துமலையில் 272 படிகளையும் கழுவுகிறவர்களை விடிய விடிய எடுத்து ஒரு பத்திரிகைக்குக் கொண்டுபோனேன், "வாசகருங்க வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க தம்பி" என்றார்கள். ஆனால் கைப்பேசியை மட்டும் குறை சொல்லக் கூடாது. படங்களுக்கே பேர்போன அமெரிக்க லைஃப் வார இதழ் 1972-ல் நின்றபோது கைப்பேசி ஏது? வாசகர் லட்சக்கணக்கில் இருந்தார்கள், விளம்பரம் தொலைக்காட்சிக்குப் போனது, தபால் செலவு ஏறியது, அவ்வளவுதான். 1924-லிருந்து வந்த நம் தமிழ் நேசன் நாளிதழும் 2019-ல் நின்றுபோனது. வருஷக்கணக்கில் காத்திருந்து எடுக்கிற படத்துக்கு வாசகர் கொடுத்த காசு என்றைக்குமே போதவில்லை, விளம்பரக் காசுதான் தாங்கியது. அதனால் கேலரியை நம்பாதீர்கள். 48 பக்கத்தில் சின்னப் புத்தகமாகப் போடுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு அச்சுக்குக் கொடுங்கள். பழைய தோட்டத்து ஆட்கள் கூடும் கோயில் திருவிழாவில் 20 வெள்ளிக்கு விற்றுப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எந்த லயம், எந்த வருஷம் என்று இப்போதே எழுதிவையுங்கள், பத்து வருஷம் போனால் சொல்ல ஆள் இருக்காது.

பிறை மகள்:
அவர் விற்க வழி கேட்கவில்லையே அண்ணே! எங்கள் லயத்துக்கும் ஒருவர் கேமராவோடு வந்தார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த கையோடு முகம் கழுவி, பவுடர் பூசி, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அந்தப் படம் எங்கே போனதோ, யார் வாங்கினார்களோ, எங்கள் கைக்கு வரவே இல்லை. கடைசிவரை அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கண்காட்சி வைத்த அண்ணே, அது எந்தத் தோட்டம்? பெயரை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் கோயில் குழுவில் இருக்கிறார்கள், பாட்டியை நான் தேடித் தருகிறேன். கதவுப் படத்தை அதுவரை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.