புதுப்பிப்பு: கபடியில் பாட்டு எழும்பாத பிள்ளைக்கு

கூச்சப் பிள்ளையை முதலில் ரெய்டுக்கு (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவதற்கு) அனுப்பாமல், பிடிக்கும் அணியில் இன்னொருவரோடு கை கோத்து நிறுத்தச் சொல்லியிருந்தேன். அதற்கு அடுத்த கட்டம் இது.

சிக்கல் பெரும்பாலும் காலில் இல்லை, 'கபடி, கபடி' என்று விடாமல் சொல்லும் பாட்டில்தான். நடுக்கோட்டைத் தாண்டும்போதே 'கபடி' நடுவர் காதில் விழ வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பி, எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுவார். எல்லோர் முன்னும் அப்படித் திரும்பிய பிள்ளை அடுத்த முறை இன்னும் மெல்லத்தான் பாடும். அதனால் ஆளில்லாத களத்தில் 10 நொடி பாடவிடுங்கள், பிறகு 20, பிறகு ஒரு ரெய்டுக்கான முழு 30. அப்புறம் எதிரே இரண்டு பேர் போதும், ஏழு பேர் வேண்டாம்.

பெற்றோர் கோட்டோரம் நின்று "சத்தமாப் பாடு" என்று கத்தவே கூடாது. பிள்ளையின் கண் உங்கள் பக்கம் திரும்பும், அந்த நொடியில் கணுக்கால் பிடிபடும்.

"அடுத்த ரெய்டு நான் போறேன்" என்று தானே கேட்டதும் போனஸ் கோட்டைச் சொல்லிக்கொடுங்கள்; எதிரணிக் களத்தின் உள்ளே இருக்கும் அந்தக் கோட்டைத் தாண்டினால் கூடுதலாக ஒரு புள்ளி. எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் அந்தப் புள்ளி செல்லும்.