துயரத்தோடு வருபவர்களுக்கு ஆறுதல் தரும் தகனக்கூடத்தை எப்படி வடிவமைப்பது?

கேள்வி: இறுதியாண்டு மாணவி

நான் கட்டடக்கலை பயில்கிறேன். தமிழ்நாட்டின் சிறு நகராட்சி ஒன்றுக்கான எரிவாயு தகனக்கூடத்தை இறுதியாண்டுத் திட்டமாக எடுத்திருக்கிறேன். உலை, புகைபோக்கி, அமரர் ஊர்தி வந்து திரும்பும் பாதை ஆகியவற்றை ஒருவாறு முடித்துவிட்டேன். உறவைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களுக்கு அந்த இடம் என்ன செய்ய முடியும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. பூச்செடிகளும் நீரூற்றும் எந்தப் பூங்காவிலும் இருப்பவை. எல்லோரும் ஸ்டாக்ஹோமின் வனக் கல்லறைத் தோட்டத்தை முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். ஆனால் படங்களில் ஒரு புல்வெளியும் ஒரு சிலுவையும்தான் தெரிகின்றன. இயற்கையும் கட்டடமும் அங்கே எப்படி ஆறுதலாகின்றன என்பதை விளக்க முடியுமா?

பதில் 1: வடதிசை

கட்டடத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, முதலில் நிலத்தைப் பாருங்கள். ஸ்டாக்ஹோம் தோட்டத்துக்கான வடிவமைப்புப் போட்டியில் 1915இல் வென்ற கட்டடக்கலைஞர்கள் குன்னர் அஸ்ப்லுண்ட், சீகுர்ட் லெவரெண்ட்ஸ் ஆகிய இருவருக்கும் கிடைத்தது, பைன் மரக்காடும் சரளைக்கல் தோண்டிய பள்ளங்களும் கொண்ட நிலம். அவர்கள் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கவில்லை. மரங்களை அப்படியே விட்டு, அவற்றின் இடையிலேயே அடக்கமான கல்லறைகளுக்கு இடம் கொடுத்தார்கள். உள்ளே நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது மேடேறும் புல்வெளியும், கருங்கல் சிலுவையும், அகன்ற வானமும்தான். தகனக்கூடம் இடப்பக்கமாக ஒதுங்கியே நிற்கிறது.

வலப்பக்கக் குன்றின் உச்சியில் எல்ம் மரங்கள் சூழ்ந்த தியானத் தோப்பு இருக்கிறது. அதற்கு ஏறும் படிகளின் உயரம் மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வருகிறது. துக்கத்தில் தளர்ந்திருக்கும் ஒருவர் மூச்சு வாங்காமல் உச்சியை அடைய வேண்டும் என்று யோசித்து வைத்த படிகள் அவை. நீங்கள் தேடும் விடை பெரும்பாலும் இத்தகைய சிறு அளவுகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1940இல் திறக்கப்பட்ட தகனக்கூடத்தில் மூன்று வழிபாட்டு மண்டபங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனிக் காத்திருப்பு அறையும் தனி முற்றமும் இருப்பதால், ஒரு குடும்பத்தின் அழுகைக்குள் இன்னொரு குடும்பம் நுழைய நேர்வதில்லை. பெரிய மண்டபத்தின் தரை, பெட்டி வைக்கப்படும் இடத்தை நோக்கி மெல்லச் சரிகிறது. அதன் முகப்புக் கண்ணாடித் தடுப்பைத் தரைக்குள் இறக்கிவிட்டால், உள்ளே இருப்பவர்களும் வெளித் தாழ்வாரத்தில் நிற்பவர்களும் ஒரே கூட்டமாகிவிடுவார்கள். அஸ்ப்லுண்ட் அதே ஆண்டில் மறைந்தார். அவருடைய கல்லறையும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது.

லெவரெண்ட்ஸ் 1925இல் முடித்த உயிர்த்தெழுதல் சிற்றாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். அதற்குச் செல்லும் 888 மீட்டர் நேர்ப்பாதையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மக்கள் வடக்கு வாயிலில் நுழைகிறார்கள். தெற்கிலுள்ள ஒரே பெரிய சாளரத்தின் ஒளியில் விடைகொடுக்கிறார்கள். பிறகு வந்த வழியே திரும்பாமல் மேற்கு வாயிலால் வெளியேறுகிறார்கள்.

பதில் 2: கல்தச்சர்

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். காத்திருக்கும் நேரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். தகனக்கூடத்தில் மிகக் கொடுமையானது அதுவே. ஜப்பானில் தகனம் முடியும்வரை குடும்பத்தார் அங்கேயே இருந்து, பிறகு எலும்புகளைக் குச்சிகளால் எடுத்துக் கலயத்தில் சேர்ப்பது வழக்கம். எனவே அங்குள்ள நல்ல தகனக்கூடங்கள் காத்திருப்பை மையமாக வைத்தே உருவானவை. டோயோ இட்டோ வடிவமைத்து 2006இல் ககாமிகஹாராவில் கட்டப்பட்ட கூடம், பின்னால் மலைக்காடும் முன்னால் குளமுமாக அமைந்தது. ஏறத்தாழ 20 செ.மீ. கனமே உள்ள வெண்ணிறக் கான்கிரீட் கூரை, மலைகளின் வளைவைத் தொடர்வது போல எழுந்து தாழ்ந்து செல்கிறது. காத்திருப்பவர்களின் பார்வை உலைக் கதவில் நிலைக்காமல் நீரின் பக்கம் போகிறது. ஃபுமிஹிகோ மாக்கி 1997இல் நகாட்சுவில் முடித்த கூடத்தில், அங்கிருந்த பழங்காலப் புதைமேடுகளையும் பூங்காவின் பகுதியாகவே வைத்துக்கொண்டார்.

வெறும் நாற்காலி வரிசையும் சுவரில் ஒரு தொலைக்காட்சியும் வைத்துக் காத்திருப்பு அறை என்று பெயரிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இறுதியாண்டு மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. மண்டபங்களையும் வாயில்களையும் மறுபடி வரைகிறேன். நம் சடங்குகளுக்கு இவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதுதான் அடுத்த ஐயம்.

பதில் 3: ஆற்றங்கரை

நன்றாகவே பொருந்தும், ஆனால் சடங்கை அதன் உடல் அசைவுகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொள்ளி வைப்பவர் நீர்க்குடத்தைத் தோளில் ஏந்திப் பாடையை மும்முறை வலம் வருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் குடத்தில் துளையிடுகிறார்கள். கடைசியில் குடம் பின்னால் விழுந்து உடைகிறது. அவர் வெறுங்காலோடு, கண்ணீரோடு, ஈரத் தரையில் நடக்கிறார். மேடையைச் சுற்றி அவருக்கும் உடன் வருபவர்களுக்கும் இடம் வேண்டும். வழுக்காத சொரசொரப்பான கருங்கல்லும் நீர் வடியும் வாட்டமும் வேண்டும். பளபளக்கும் டைல்ஸ் பதித்த கூடத்தில் இந்தச் சடங்கை நினைத்தாலே அச்சமாக இருக்கிறது. வாய்க்கரிசி போட வருபவர்கள் ஒரு பக்கமாக வந்து மறுபக்கமாக விலகவும் வழி இருக்கட்டும்.

கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது நம் வழக்கம். லெவரெண்ட்ஸின் மேற்கு வாயில் உங்கள் திட்டத்துக்கு அப்படியே பொருந்துவது இங்கேதான். மேடைக்கு எதிர்ப்புறம் ஒரு வாயில் திறந்து, புங்க மர நிழலில் கொஞ்ச தூரம் நடந்து, குளிக்கும் இடத்தை அடையும்படி வரையுங்கள். சாம்பலைப் பெற்றுக்கொள்ளும் அறை, அடுத்த குடும்பம் வந்து இறங்கும் வாயிலிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

அங்கே நாள்தோறும் வேலை செய்பவர்களையும் வரைபடத்தில் கொண்டுவாருங்கள். ஸ்டாக்ஹோமின் அதே காட்டில் யோஹான் செல்சிங் பிற்காலத்தில் கட்டிய புதிய தகனக்கூடத்தில், பணியாளர்களுக்குப் பகல் வெளிச்சமும் மரங்களைப் பார்க்கும் சாளரங்களும் கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். நம் ஊர்களில் உலைக்கருகே நிற்பவருக்குக் காற்று வரும் அறையும், குளிக்க நீரும், உட்கார்ந்து சாப்பிட ஓர் இடமும் கிடைத்தால், அவர் குடும்பத்தாரிடம் பேசும் குரலிலேயே அது தெரியும். வரைபடத்தை முடிப்பதற்கு முன் உங்கள் ஊர் மயானத்தில் பணிபுரிபவர் ஒருவரிடம் அவசியம் பேசுங்கள்; குடும்பத்தார் எங்கே தடுமாறுகிறார்கள், எங்கே நெரிசல் உண்டாகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.