ஹீமோடயாலிசிஸ் தொடங்க நல்ல நெஃப்ராலஜிஸ்ட் தேவை

வணக்கம். நீண்டகால நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து வரும் ஒருவருக்கு விரைவில் ஹீமோடயாலிசிஸ் (இயந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்க வேண்டும். வாரம் 3 முறை, தலா 4 மணி நேரம் ஆகலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது பார்த்த சிறுநீரக மருத்துவர் (நெஃப்ராலஜிஸ்ட்) இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் வேண்டியது, ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைப்பது) முன்கூட்டியே திட்டமிடுபவர். அறுவை முடிந்து ஊசி குத்தும் அளவுக்கு அது தயாராகப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். தாமதித்தால் கழுத்தில் கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் செருகும் குழாய்) போட்டுத்தான் தொடங்க வேண்டிவரும். அதில் ரத்தத்தில் கிருமி ஏறும் ஆபத்து கூடுதல். அதனால்தான் ஃபிஸ்டுலாவுக்காகப் பாதுகாக்கும் இடது கையில் ரத்தம் எடுக்கவோ பிபி பார்க்கவோ யாரையும் விடுவதில்லை.

அந்த மருத்துவர் டயாலிசிஸ் நடக்கும்போது வந்து பார்ப்பாரா, மாதச் சீட்டில் கையெழுத்து மட்டுமா? உலர் எடையை (உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை) அடிக்கடி சரிபார்ப்பாரா? அதைக் குறைத்து வைத்தால் பிபி இறங்கி, தசை பிடித்துக்கொள்ளும். கூட்டி வைத்தால் நீர் தேங்கி மூச்சு வாங்கும். நீர் எடுக்கும் வேகம் மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 13 மி.லி.யைத் தாண்டக் கூடாது என்பதில் கவனமுள்ளவரா?

மையத்தைப் பற்றியும் எழுதுங்கள்: ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் உண்டா, டயலைசரை (ரத்தத்தை வடிகட்டும் பாகம்) மறுபடி பயன்படுத்துகிறார்களா, ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்கிறார்களா, கேடி/வி (ஒவ்வொரு முறையும் ரத்தம் எவ்வளவு சுத்தமாகிறது என்பதைக் காட்டும் அளவு) 1.2க்குக் குறையாமல் இருக்கிறதா. காலை ஷிஃப்ட்டில் இடம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.