ஹார்லெம் சில்வியாஸ்: அப்பாவுக்குக் கோழி இருக்கு, அம்மாவுக்கு என்ன?

ஜெர்சி குமரன்:
அப்பா அம்மா மதுரையிலிருந்து வந்திருக்காங்க. ஞாயிறு மதியம் நியூயார்க் ஹார்லெம்ல சில்வியாஸ் ஹோட்டலுக்குச் சாப்பிடப் போகலாம்னு இருக்கேன். அப்பா கோழி, மீன் சாப்பிடுவார். மாடு, பன்றி தொடமாட்டார். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அவங்களுக்கு அங்க ஏதாவது தேறுமா, இல்ல தயிர்சாதம் கட்டிட்டுப் போகணுமா?

லெனாக்ஸ்வாசி:
அப்பாவைப் பத்திக் கவலையே வேண்டாம் தம்பி. பொரிச்ச கோழி, இல்லேன்னா சோளமாவுல புரட்டிப் பொரிச்ச கெளுத்தி மீன். காரம் பத்தலைன்னு சொல்வார், ஹாட் சாஸ் கேட்டு வாங்கிக் கொடுங்க.

அம்மா விஷயத்துலதான் உஷார். காய்கறிதானேன்னு காலர்ட் கீரையைச் சொல்லிடாதீங்க. சோல் ஃபுட்ங்கிற கறுப்பின அமெரிக்கர்களோட சமையல்ல அந்தக் கீரை ரொம்ப நேரம் வேகும், கூடவே புகைபோட்ட பன்றிக்காலோ வான்கோழியோ கிடக்கும். காராமணியும் பல அடுப்புல அப்படித்தான். அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல அடிமைப்பட்டுக் கிடந்த அவங்க முன்னோருக்கு நல்ல கறியா கிடைச்சுது? கழிச்சுப்போட்ட துண்டை வச்சே சட்டி முழுக்க ருசி ஏத்தின கை அது. அதனால "கறி இருக்கா"ன்னு மட்டும் கேட்டா பத்தாது, எதைப் போட்டு வேகவச்சீங்கன்னு கேளுங்க. கார்ன்பிரெட்னு தர்ற சோளமாவு ரொட்டியில முட்டை இருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் போட்ட சர்க்கரைவள்ளிதான் ஓரளவு தைரியமா சொல்லலாம், அதையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு.

அம்மாகிட்ட கடையோட கதையைச் சொல்லுங்க. சில்வியா உட்ஸ் அந்தக் கடையில பரிமாறிட்டு இருந்தவர். 1962ல அதையே விலைக்கு வாங்கினார். பணம் புரட்டிக் கொடுத்தது தென் கரோலினாவுல இருந்த அவரோட அம்மா, நிலத்தை அடமானம் வச்சு. 2012ல சில்வியா காலமானார், இப்பவும் குடும்பம்தான் நடத்துது.

மீனா ப்ரூக்ளின்:
எனக்குன்னா ஞாயித்துக்கிழமை வேண்டவே வேண்டாம். அன்னிக்குப் பாடற காஸ்பல்ங்கிற சர்ச் பாட்டுக்காக வர்ற சுற்றுலாக் கூட்டத்துல வயசானவங்களை நிக்கவைக்கணும். பாட்டுதான் வேணும்னா முதல்ல போன் பண்ணி இந்த வாரம் உண்டான்னு கேட்டுக்கோங்க. ஜெர்சியிலிருந்து பாத் ரயில்ல வந்து வேர்ல்ட் ட்ரேட் சென்டர் இறங்கி 2 இல்ல 3ஆம் நம்பர் சப்வே ரயிலைப் பிடிச்சா 125ஆம் தெரு. மேலே ஏறினா லெனாக்ஸ் அவென்யூ, வடக்கே கொஞ்சம் நடை.

லெனாக்ஸ்வாசி:
மீனா சொல்றது சரி, சனிக்கிழமை காலையிலேயே வாங்க. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, அம்மாவுக்கு இது ஒருவேளைச் சாப்பாடு ஆகாது. வீட்டுலயே சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாங்க. தயிர்சாத டப்பாவை மேஜையில திறந்து வைக்காதீங்க, நல்லா இருக்காது.

ஜெர்சி குமரன்:
நன்றி அண்ணா, நன்றி மீனா. சனிக்கிழமைன்னு முடிவு பண்ணியாச்சு. வாஃபிள்னு கட்டம் கட்டமாச் சுடற மாவுப் பண்டம் மேல கோழியை வச்சுக் கொடுப்பாங்களாமே, நிஜமான்னு அப்பா கேட்கிறார்.

லெனாக்ஸ்வாசி:
நிஜம்தான். பாகையும் ஊத்திச் சாப்பிடணும். எதுக்கும் அவருக்கு ஒரு மீனையும் சேர்த்துச் சொல்லி வைங்க.