மழைக்காட்டுக்காக அரசிடம் பேசியவர்கள்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

கோ.புதூர், மதுரை

மதுரைக்கும் மழைக்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நாம் குடிக்கிற தண்ணீரே அங்கிருந்துதான் வருகிறது. வைகை பிறப்பது வருசநாடு, மேகமலைப் பக்கம். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, தேக்கடிப் பக்கத்துப் பசுமைமாறாக் காட்டில் பெய்யும் மழையை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்பிவிடுகிறது. ஆனி, ஆடியில் அங்கே விழுகிற மழைதான் இங்கே நாற்றங்காலுக்கு வந்து சேர்கிறது.

காட்டுக்காக மனு கொடுத்தவர்கள், அமைப்புகளோடு சேர்ந்து அதிகாரிகளைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்தால் அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

நானே தொடங்குகிறேன். நான் பறவை பார்ப்பவன். மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கு நண்பர்களோடு போவேன். அது மழைக்காடு இல்லை, பாறைக்குன்றும் கண்மாயும் சேர்ந்த இடம். ஆனாலும் அரசு எப்படி அசைகிறது என்பதை அங்கேதான் பார்த்தேன். ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் வருடக்கணக்கில் குறித்து வைத்தார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு, தேவாங்கு, அழுங்கு, ஊற்றுகள், தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு, குடைவரைக் கோயில் என்று எதையும் விடவில்லை. தேதி, இடம், படம் எல்லாம் சேர்த்துத்தான் எழுதினார்கள். 2022 நவம்பரில் பல்லுயிர்ச் சட்டம் 2002-ன் 37-ஆவது பிரிவின்படி, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சுமார் 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள் என்று அரசின் வாயிலிருந்தே வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலூர் பக்கம்

தம்பி சொன்ன அந்த அறிவிப்பு பின்னால் எங்களுக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதை எழுதுகிறேன். நான் விவசாயி. பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒருபோகம் நெல் போடுகிறவன்.

2024 நவம்பர் 7-ல், அரிட்டாபட்டியின் பாரம்பரியத் தலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் சுரங்கத்துக்காக ஏலம் போன செய்தி வந்தது. எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம். மொத்தம் 2,015.51 ஹெக்டேர். 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசே எடுத்துக்கொண்டதால் ஊருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மந்தையில் கூடினோம். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்து, ஏல வரைபடத்தை எங்கள் புல எண்களோடு பொருத்திக் காட்டினார்கள். அவரவர் வயல் எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போகாமல் ராத்திரி வரை பெண்கள் அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம். ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனபோது, "உணர்ச்சிவசப்பட்டால் ஆகாது, ஆவணம் இருக்கிறதா?" என்று கேட்டார் அதிகாரி. இருந்தது. 2022 அரசாணையையும் கிராம சபைத் தீர்மானத்தையும் மேசைமேல் வைத்தோம். அதற்கு மேல் அவர் அந்தத் தொனியில் பேசவில்லை.

டிசம்பர் 9-ல் சட்டமன்றம் ஏலத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24-ல் மத்திய சுரங்க அமைச்சகம், பாரம்பரியத் தலத்தை மட்டும் நீக்கிவிட்டு எல்லையை மறுபடி வரையலாமா என்று பார்க்கச் சொன்னது. நியாயமாகத் தெரிகிற யோசனைதான். ஆனால் எங்கள் கண்மாய்களுக்கு வரும் வரத்துக்கால்வாய்கள் மீதி 1,800 ஹெக்டேரில் அல்லவா ஓடுகின்றன? அங்கே தோண்டினால் பாதுகாத்த இடத்தில் பறவைக்குத் தண்ணீர் ஏது, எங்களுக்குத்தான் ஏது? முழுவதும் ரத்து என்பதில் ஊர் உறுதியாக நின்றது. ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் நடந்தோம். ஜனவரி 23-ல் ரத்து அறிவிப்பு வந்தது.

அந்த நடைப்பயணம் இல்லாமல் இது நடந்திருக்காது. நடைக்கு முன்னால் செய்த காகித வேலை இல்லாமலும் நடந்திருக்காது. அமைப்புகளிடம் நான் எதிர்பார்ப்பது அந்த வேலையைத்தான். ஊர் மேடையில் எங்கள் ஆட்களே பேசிக்கொள்வார்கள்.

கடமலைக்குண்டு பக்கம்

படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் அனுபவம் வேறு. நாங்கள் இலவமும் முந்திரியும் போடுகிறவர்கள், வருசநாட்டு மலையடிவாரம். முதலில் மேகமலை சரணாலயம் வந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். வைகையின் தலைமாடு அது. காக்கத்தான் வேண்டும், இதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் அந்தக் காப்பகத்தைக் கொண்டாடி எழுதிய நகரத்து அமைப்புகளில் ஒன்றுகூட எங்கள் கிராம சபைக்கு வரவில்லை. வெளியேற்றப் பேச்சு வந்தபோதுதான் காட்டில் வாழ்கிறவர்களின் உரிமைக்காக வன உரிமைச் சட்டம் 2006 என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. மலைப் பழங்குடிகளான பளியர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே வாழ்கிறார்கள் என்று காட்டினால் போதும். பழங்குடி அல்லாத எங்களைப் போன்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் இருந்ததைக் காட்ட வேண்டும். தாத்தா காலத்து ரசீதுக்கு எங்கே போவது? சிறிய குழு ஒன்று வந்து பெரியவர்களின் வாக்குமூலங்களை எழுதி வாங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்தது. அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக் குறைவு என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி போட்டிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

மலையில் எந்தச் சரிவில் தேன் அடை குறைந்தது, எந்த ஓடை மாசிக்கு முன்பே வற்றுகிறது என்று பளியர் வீட்டுப் பெரியவர் மூச்சு விடாமல் சொல்வார். அதை எழுதிக்கொள்ள இதுவரை யாரும் வந்ததில்லை.

தேனி

கடமலைக்குண்டு அக்கா சொல்வதுதான் முக்கியம். 2011-ல் மாதவ் காட்கில் குழு மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கை கொடுத்தபோது, முடிவெடுப்பதில் கிராம சபைக்கு இடம் வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. 2013-ல் வந்த கஸ்தூரிரங்கன் குழு பாதுகாக்க வேண்டிய பரப்பைக் குறைத்தது. அதன் பிறகு, எந்தப் பரப்பைப் பாதுகாப்பது என்ற வரைவு அறிவிக்கை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. கடைசியாக நான் ஆட்சேபம் அனுப்பியது 2024 ஜூலை 31 வரைவுக்கு. அறுபது நாள் கெடு. எங்கள் ஊரில் அப்படி ஒன்று வந்தது தெரிந்தவர்களே குறைவு.

கேரளத்தில் நீர்மின் திட்டத்திலிருந்து அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றியவர்கள் மழைக்காட்டின் அருமையைச் சொன்னதோடு நிற்கவில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு 1979-லேயே அந்த மின்திட்டத்தின் வரவு செலவு, தேவை எல்லாவற்றையும் ஆராய்ந்து அறிக்கை போட்டது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் தேசியப் பூங்கா ஆனது.

கோ.புதூர், மதுரை

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் பறவைக் குழுவில் பேசினேன். வன உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. தனிப்பட்ட மனுக்களோடு, ஊருக்கே பொதுவான சமூக வன உரிமைக்கும் சேர்த்து விண்ணப்பித்தீர்களா? இல்லையென்றால் ஓடை, மரம், தேன் அடை என்று பெரியவர் சொல்வதைத் தேதியும் இடமும் போட்டு எழுத நாங்கள் வருகிறோம். அவர் பெயரில்தான் அது போக வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோதுப்படுமா? மேலூர் அண்ணே, புல எண்ணை வரைபடத்தோடு பொருத்தத் தெரிந்தவர்கள் உங்களிடம் இருந்தால் ஒருவரை அனுப்புங்கள்.