ஓடாத எஞ்சின் எதற்கு? நீராவி எஞ்சின்களும் தன்னார்வலர்களும்

பழம்பொருள்:

யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் எடுத்த மல்லார்டு படங்களைப் போன வாரம் இங்கே பகிர்ந்திருந்தேன். 1938 ஜூலை 3ஆம் தேதி மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட எஞ்சின் அது. நீராவியில் அந்தச் சாதனையை இன்று வரை யாரும் முறியடிக்கவில்லை. அதற்கு வேல்ஸ்வாசி போட்ட பதில்: "ஓடாத எஞ்சின் வெறும் இரும்பு. ஆர்வலர்கள் கையில் கொடுங்கள், ஓட வைத்துக் காட்டுவார்கள்." நிறையப் பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. தனி இழையிலேயே பேசிவிடலாம்.

பழைய எஞ்சினை ஓட்டுவது என்றால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது. நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் தகடு அரிக்கும், டியூப்களை மாற்ற வேண்டி வரும், சக்கரத்து டயர் தேயும், பேரிங் போகும். ஒவ்வொரு முறை பிரித்துப் பூட்டும்போதும் அந்தக் காலத்துத் தொழிலாளி அடித்த ரிவெட்டோ அவர் உளி பட்ட தடமோ காணாமல் போகிறது. 1829இல் ஸ்டீஃபன்சன் கட்டிய 'ராக்கெட்' என்ற எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கு வந்தபின் அதை யாரும் புதுப்பித்து ஓட்டவில்லை. அதனால்தான் 1990களின் இறுதியில் அதைப் பிரித்து ஆராய்ந்தவர்களால் எந்த உறுப்பு எப்படி மாற்றப்பட்டது என்று அந்த இரும்பிலேயே படிக்க முடிந்தது. முதலில் 38 டிகிரி சாய்வில் இருந்த சிலிண்டர்களைப் பிறகு 8 டிகிரிக்கு இறக்கியிருக்கிறார்கள். ஓட்டிக் காட்டுவதற்கென்று 1979இல் முழு அளவில் ஒரு நகல் செய்தார்கள். அசல் நிற்கட்டும், நகல் ஓடட்டும் என்பதுதான் என் கட்சி.

செலவையும் பாருங்கள். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் எஞ்சினை 2004இல் பொதுமக்கள் நன்கொடையையும் சேர்த்து யார்க் அருங்காட்சியகம் வாங்கியது. 2006இல் வேலை தொடங்கி, திரும்ப ஓடியது 2016இல். 42 லட்சம் பவுண்ட் ஆனது. அந்தப் பணத்தில் எத்தனை எஞ்சின்களுக்குக் கூரை போட்டிருக்கலாம்?

வேல்ஸ்வாசி:

நண்பரே, ராக்கெட்டை ஓட்டச் சொல்லி எந்தத் தன்னார்வலரும் கேட்கவில்லை. ஒரே ஒரு எஞ்சின்தான் இருக்கிறது என்றால் அதைத் தொடாமல் வைப்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் எல்லா எஞ்சினும் ராக்கெட் இல்லை. பிளாக் ஃபைவ் வகையில் மட்டும் 842 எஞ்சின்கள் கட்டினார்கள். மிஞ்சியவை 18. அந்த 18இல் ஒன்றின் டியூப்பை மாற்றினால் எந்த வரலாறு அழிகிறது?

அவை மிஞ்சியதே எப்படி என்று பாருங்கள். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் நீராவியை நிறுத்தியது. கழித்துக் கட்டிய எஞ்சின்களை இரும்புக் கடைக்காரர்கள் டன் கணக்கில் வாங்கி வெட்டினார்கள். தெற்கு வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரில் டாய் வுட்ஹாம் என்பவரும் 297 எஞ்சின்களை வாங்கினார். வேகன்களை வெட்டுவது சுலபம் என்பதால் அவர் ஆட்கள் முதலில் அவற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின்கள் கடல் காற்றில் துருப்பிடித்தபடி வரிசையாக நின்றன. அந்த இடைவெளியில் ஆர்வலர்கள் உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்து ஒவ்வொன்றாக மீட்டார்கள். 1968இல் முதல் எஞ்சின் கெய்லி அண்ட் வொர்த் வேலி பாதைக்குப் போனது. கடைசியில் கணக்குப் பார்த்தால் 213 எஞ்சின்கள் தப்பியிருக்கின்றன. அருங்காட்சியகமா அவற்றை வாங்கியது? வாங்கியவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், தபால்காரர்கள். ஓட்ட வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் அவர்களில் ஒருவர்கூடப் பத்து பவுண்ட் கொடுத்திருக்க மாட்டார்.

இன்னும் பின்னால் போகலாம். வேல்ஸில் டாலிலின் ரயில் பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது டாம் ரோல்ட்டும் அவர் கூட்டாளிகளும் ஒரு சங்கம் வைத்து 1951இல் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். உலகத்தில் தன்னார்வலர்கள் நடத்திய முதல் ரயில் பாதை அதுதான். 1860களில் கட்டிய எஞ்சின்கள் அங்கே இன்னும் வண்டி இழுக்கின்றன.

சேலம் ஜங்ஷன்:

ஸ்காட்ஸ்மேன் செலவு பற்றி ஒன்று. ஓடுகிற எஞ்சின் என்பதால்தான் மக்கள் அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். அது ஓடாது என்று சொல்லியிருந்தால் அந்தப் பணம் கூரைக்கும் வந்திருக்காது. நம் ஊர் ஸ்டேஷன் வாசல்களில் மேடை போட்டு நிறுத்தியிருக்கும் எஞ்சின்களைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை துருவின் மேலேயே கறுப்பு பெயின்ட் அடிக்கிறார்கள். மழைத் தண்ணீர் புகைபோக்கி வழியாக நேரே உள்ளே இறங்குகிறது. அது பாதுகாப்பு என்றால் எனக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டாம்.

பொன்மலை ஃபிட்டர்:

தம்பிகளா, இரண்டு பேரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். பாய்லரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பணிமனையில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எஞ்சின் ஓட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நம் பெரம்பூர் லோகோ பணிமனையே 1855இல் லீட்ஸில் கட்டிய ஈஐஆர் 21 எஞ்சினை 2010இல் ஓட வைத்ததே. என் கேள்வி, யார் கையில் ஓடுவது என்பதுதான்.

ஃபயர்பாக்ஸின் மேல் தகட்டை கிரவுன் ஷீட் என்போம். கீழே நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் இருக்கும் வரை அந்தத் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் சில நிமிடத்தில் பழுத்துத் தொய்ந்துவிடும். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்ட் அழுத்தத்தில் பாய்லர் தண்ணீர் 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அழுத்தம் திடீரென்று விட்டால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அப்படியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். டிரைவர் அறையான கேபுக்குள் நிற்பவன் ஓட வழியே இல்லை.

மட்டத்தைக் காட்டுவது ஒரு சாண் கண்ணாடிக் குழாய். அது பொய் சொல்லும். 1995 ஜூனில் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலில் 1278ஆம் எண் எஞ்சினுக்கு அதுதான் நடந்தது. கண்ணாடிக்குப் போகும் துவாரத்தில் உப்புப் படிந்து அடைத்திருந்தது. தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டே நெருப்புப் போட்டார்கள். கிரவுன் ஷீட் போய் மூன்று பேர் வெந்து காயப்பட்டார்கள். 2001இல் ஓஹையோ மாநிலம் மெடினாவில் கண்காட்சிக்கு வந்த பழைய நீராவி டிராக்டர் வெடித்து ஐந்து பேர் செத்தார்கள். வைத்திருந்தவர் ஆர்வலர்தான். அவரும் போய்விட்டார். ஆசை இருந்தால் போதும் என்று பேசுவோருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேல்ஸ்வாசி:

ஐயா, நீங்கள் சொல்லும் ஆபத்தை நான் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். ஆனால் கெட்டிஸ்பர்க் தன்னார்வலர் சங்கம் இல்லை, லாபத்துக்கு நடந்த தனியார் ரயில். அந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் விதிகளைத் திருத்தி, 1472 வேலை நாள் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரை முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இங்கே பிரிட்டனில் பெரும்பாலும் 10 வருடக் கணக்கு. நடுவில் ஒவ்வொரு வருடமும் குளிர்ந்த நிலையில் ஒரு சோதனை, நீராவியோடு ஒரு சோதனை. சோதிப்பவர் சங்கத்து ஆள் கிடையாது, வெளியாள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் தீக்குச்சி கிழிக்க முடியாது. நான் வார இறுதிகளில் போகும் பாதையில், புதிதாக வருபவர் முதலில் துணியும் எண்ணெயுமாக எஞ்சின் துடைக்க வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். பாய்லரைக் கழுவும் வாஷ்அவுட் நாளில் அதன் மூடிகளைக் கழற்றி, ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்து, முட்டை ஓடு மாதிரி உதிரும் உப்புச் சில்லுகளை வெளியே எடுப்பதும் அவர்தான். அந்தச் சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தவனுக்குக் கண்ணாடித் துவாரம் ஏன் அடைக்கும் என்று யாரும் விளக்க வேண்டாம். ஃபயர்மேன் ஆக வருடங்கள் ஆகும், டிரைவர் ஆக இன்னும் பல வருடம். காலையில் கேபுக்குள் ஏறியதும் முதல் வேலை மட்டம் காட்டும் இரண்டு கண்ணாடியையும் நீராவியால் ஊதிப் பார்ப்பது. அதைச் செய்யாதவரை டிரைவர் இறக்கிவிடுவார், எத்தனை மூத்தவரானாலும்.

பொன்மலை ஃபிட்டர்:

நல்ல முறை. மறுக்கவில்லை. ஆனால் என் பயம் வேறு இடத்தில். ஷெட்டில் ஃபோர்மேன் "இன்று இந்த எஞ்சின் போகாது" என்றால் பேச்சு முடிந்தது. டிரைவருக்கு நஷ்டம் இல்லை, வேறு எஞ்சின் வரும். தன்னார்வலர் நிலை என்ன? ஐம்பது மைல் காரில் வந்திருக்கிறார். வாரம் முழுக்க இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவர். டிக்கெட் விற்றாகிவிட்டது, பிளாட்பாரத்தில் குழந்தைகள் நிற்கிறார்கள். பாய்லர் தகடுகளைப் பிணைக்கும் ஸ்டே கம்பி ஒன்றில் லேசாகக் கசிகிறது. "இன்று ஒரு நாள் ஓட்டிவிடலாமே" என்று யாராவது சொல்வார். அப்போது "முடியாது" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? நண்பரிடம் அப்படிச் சொல்வது சம்பளக்காரனிடம் சொல்வதைவிடக் கஷ்டம்.

வேல்ஸ்வாசி:

சம்பளம் இருந்தால் அது தீர்ந்துவிடுமா ஐயா? 2015 மார்ச் 7ஆம் தேதி உட்டன் பாஸெட் சந்திப்பில் நடந்ததைப் பாருங்கள். பிரதான பாதையில் ஓடிய நீராவிச் சுற்றுலா ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டி எழுநூறு கெஜம் போய் நின்றது. சற்று முன்தான் ஓர் அதிவேக ரயில் அதே இடத்தைக் கடந்திருந்தது. தானாக பிரேக் பிடிக்க வேண்டிய பாதுகாப்புக் கருவியைக் குழுவினரே துண்டித்து வைத்திருந்தார்கள். நடத்தியது முழுநேர ரயில் நிறுவனம், சம்பளக்காரர்கள். நிறுவனத்துக்கு 2 லட்சம் பவுண்ட் அபராதம் விழுந்தது.

பொன்மலை ஃபிட்டர்:

நான் சொன்னதற்கே அது சாட்சி. "முடியாது" என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் சம்பளமும் காப்பாற்றாது. பெரிய பாதைகளில் பணிமனைத் தலைவரைச் சம்பளத்துக்கு வைக்கிறார்கள் என்று கேள்வி. சின்னச் சங்கங்களில்? அங்கே செயலாளர், பொருளாளர், டிரைவர் எல்லாம் ஒரே ஆள் என்றால் நான் அந்த வண்டியில் என் பேரனை ஏற்ற மாட்டேன்.

சேலம் ஜங்ஷன்:

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தன்னார்வலர்களில் பெரும்பகுதி ஓய்வு பெற்றவர்கள். பிரிட்டனில் தொழிலகங்களில் சிறார் வேலையைத் தடுக்க 1920இல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளி வயதைத் தாண்டாதவர்கள் பாரம்பரிய ரயில் பாதைகளில் தன்னார்வலராக வேலை செய்யவும் அது தடை என்று சட்ட வல்லுநர்கள் சொன்னதால், அந்தப் பாதைகளுக்குத் தலைவலி வந்தது. பதினாலு வயதில் பிடிக்கும் ஆசைதான் கடைசி வரை வரும். நிலக்கரியும் பிரச்சினை. வேல்ஸில் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடியபின் இறக்குமதிக் கரிதான்.

பழம்பொருள்:

ஆக, ஆள் குறைகிறார்கள், கரி குறைகிறது, ஆபத்து அப்படியே இருக்கிறது. இந்த நிலையில் அசல் எஞ்சின்களை ஏன் பணயம் வைக்க வேண்டும்? டொர்னேடோ எஞ்சினைப் பாருங்கள். ஏ1 பசிஃபிக் வகையில் 49 எஞ்சின்கள் இருந்தன, எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். ஆர்வலர்கள் அறக்கட்டளை வைத்து ஐம்பதாவதைப் புதிதாகவே டார்லிங்டனில் கட்டி 2008இல் ஓட்டினார்கள். தன்னார்வலர் உழைப்பு, நன்கொடை, ஓட்டும் ஆசை எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பழைய ரிவெட்கூடப் போகவில்லை. வேல்ஸ்வாசி, உங்கள் ஆசை இதில் நிறைவேறாதா?

வேல்ஸ்வாசி:

டொர்னேடோ எனக்கும் பெருமைதான். ஆனால் அதன் பாய்லரை எங்கே செய்தார்கள்? ஜெர்மனியில், மைனிங்கன் பணிமனையில். நீராவி எஞ்சின் பிறந்த நாட்டிலேயே அந்த அளவு பாய்லரைப் புதிதாகச் செய்துகொடுக்க இடம் கிடைக்கவில்லை. மைனிங்கனில் அந்தக் கை பழக்கம் விடாமல் இருந்ததற்குக் காரணம் அங்கே பழைய எஞ்சின்களைத் தொடர்ந்து பழுது பார்த்துவந்ததுதான். எல்லாப் பழைய எஞ்சினையும் கண்ணாடிக்குள் வைத்தால் புதிதாகக் கட்டவும் ஆள் இருக்காது. பத்து வருடத்துக்கு ஒரு நகல் கட்டுவதால் ஒரு பாய்லர்காரர் உருவாக மாட்டார். வருடாவருடம் ஸ்டே மாற்றினால்தான் உருவாவார்.

பழம்பொருள்:

இந்த ஒரு வாதத்துக்கு மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள். கழற்றிய உறுப்பு எங்கே போகிறது? பாரியிலிருந்து மீட்ட எஞ்சின்களில் மாற்றிய தகடுகளையும் குழாய்களையும் யாராவது அளந்து, படமெடுத்து, தேதி போட்டு வைத்திருக்கிறார்களா, அல்லது திரும்பவும் இரும்புக் கடைக்கா?

வேல்ஸ்வாசி:

எங்கள் பணிமனையில் மாற்றும் ஒவ்வொரு உறுப்பிலும் வருடத்தைக் குத்தி வைக்கிறோம், பாய்லர் பதிவேடும் இருக்கிறது. பழைய தகட்டை வைத்துக்கொள்ள இடம் இல்லை என்பது உண்மை. அளந்து, படமெடுத்து, ஒரு துண்டு மட்டும் வைத்துக்கொள்கிறோம். எல்லாச் சங்கமும் இதைச் செய்வதில்லை. கட்டாயமாக்கினால் நான் ஆதரிப்பேன்.

பொன்மலை ஃபிட்டர்:

அந்தப் பதிவேட்டில் இன்னொரு பத்தியும் போடச் சொல்லுங்கள் தம்பி. எந்தத் தேதியில், எந்தக் குறைக்காக, யார் எஞ்சினை நிறுத்தினார் என்று. வருடம் முழுக்க அந்தப் பத்தி காலியாக இருக்கும் சங்கத்தின் வண்டியில் நான் ஏற மாட்டேன். உங்கள் பதிவேட்டில் கடைசியாக எப்போது நிறுத்தினார்கள்?